வாய்விட்டுச் சேர்ந்து பாடினால்...

குரல் வளம் தேவையில்லை, மூச்சு இருந்தால் போதும்!

'வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்' என்பது எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுப் பாடினால்? அதிலும், நாலு பேரோடு சேர்ந்து உட்கார்ந்து பாடினால்?

"பாட்டா? நானா? கல்யாணத்துக்கு முன்னாடி பாடினதோட சரி. இப்பல்லாம் குரலே போச்சு" என்று சிரித்து மழுப்பும் இல்லத்தரசிகள் எத்தனை பேர்! "நமக்கெல்லாம் கேட்கத்தான் தெரியும் சார்" என்று நழுவிவிடும் ரிட்டயர்டு ஆசாமிகள் எத்தனை பேர்! பாட்டு என்றால் மேடை, மைக், பக்கவாத்தியம், பிசிறில்லாத குரல் என்று நாமாகவே ஒரு கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டுக்கு வெளியே ஒதுங்கி நிற்கிறோம். ஆனால் நம்ம ஊரில் பாட்டு பிறந்ததே கூட்டத்தில்தான். நம்ப முடியவில்லையா? வாருங்கள், திருவண்ணாமலைக்குப் போகலாம்.

எழுப்பிப் பாடிய ஊர்

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலையைச் சுற்றி நடந்து மேற்குப் பக்கம் வந்தால், அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலையார் கோயில் இருக்கும் சின்ன ஊர். அங்கேயே மாணிக்கவாசகருக்கும் ஒரு கோயில் உண்டு. அவர் திருவெம்பாவையைப் பாடிய இடம் அதுதான் என்கிறார்கள்.

திருவெம்பாவை மொத்தம் 20 பாட்டு. அதில் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மார்கழி விடியலில் பெண்கள் ஒன்றுகூடி, இன்னும் எழுந்திருக்காத தோழிகளின் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள். வெளியே நிற்பவர்கள் கேலி செய்ய, உள்ளே படுத்திருப்பவள் பதில் சொல்ல, கடைசியில் எல்லோரும் சேர்ந்து குளத்துக்குப் போய் நீராடிப் பாடுகிறார்கள். அதாவது, ஒரு பாட்டுக் குழு எப்படி ஒன்று சேருகிறது என்பதையே பாட்டாக்கி வைத்திருக்கிறார் மாணிக்கவாசகர். அதில் யாரும் 'உனக்குக் குரல் நன்றாக இருக்கிறதா?' என்று கேட்டு ஆள் சேர்க்கவில்லை. 'எழுந்து வா' என்பது மட்டும்தான் அழைப்பு!

இந்தக் கூட்டுப் பாட்டு கடல் கடந்தும் போயிருக்கிறது. தாய்லாந்தில் அரண்மனைப் புரோகிதர்கள் நடத்திவந்த ஒரு விழாவுக்குப் பெயரே 'திரியம்பாவை'. நம் திருவெம்பாவைதான் அங்கே அப்படி மருவிவிட்டது.

அண்ணாமலையில் இன்னும் ஒரு உதாரணம் உண்டு. ரமண மகரிஷி விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், அவருடைய அடியார்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போகும்போது சேர்ந்து பாடிக்கொண்டு போவதற்காக எழுதியதுதான் அக்ஷரமணமாலை. 108 கண்ணிகள். ஒவ்வொன்றும் ஒரே மெட்டு. ஒவ்வொன்றும் மலையின் பெயரைக் கூப்பிட்டு முடியும். ஒருவர் எடுத்துக் கொடுத்தால், பாட்டே தெரியாதவர்கூட நாலாவது கண்ணியில் கலந்துகொள்ளலாம். கூட்டாகப் பாட ஒரு பாட்டு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

மருத்துவம் என்ன சொல்கிறது?

"பக்தி சரி, இதில் ஆரோக்கியம் எங்கே வந்தது?" என்கிறீர்களா? மூச்சில் வந்தது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பாடும்போது? சட்டென்று இழுத்து, நீளமாக, நிதானமாக விடுகிறோம். 2001-ல் இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 23 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஜெபமாலை சொல்லும்போதும் மந்திரம் சொல்லும்போதும் அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 ஆகக் குறைந்தது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைத்துக்கொள்ள உடம்பில் இருக்கும் அனிச்சை அமைப்பும் அப்போது இன்னும் நன்றாக வேலை செய்தது. ஜெபமாலையோ, மந்திரமோ... மதம் எதுவானாலும் மூச்சு ஒன்றுதானே!

2013-ல் ஸ்வீடனில் இன்னொரு ஆய்வு. சேர்ந்து பாடிய இளைஞர்களின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கி ஒரே இடத்தில் விட்டதால், அவர்களுடைய இதயத் துடிப்பும் ஒன்றாகக் கூடி, ஒன்றாகக் குறைந்தது. 'ஒருமித்த நெஞ்சம்' என்று நாம் சும்மாவா சொல்கிறோம்?

வயதானவர்களைப் பற்றிய ஆய்வு இன்னும் முக்கியமானது. இங்கிலாந்தில் 60 வயதுக்கு மேற்பட்ட 258 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் 14 வாரம், வாரம் ஒரு நாள் சேர்ந்து பாட வைத்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. பாடியவர்களுக்கு மனச்சோர்வும் படபடப்பும் குறைந்திருந்தன. அவர்கள் யாரும் பாடகர்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

கொரோனா வந்து போன பிறகும் மூச்சுத்திணறல் விடாமல் அவதிப்பட்டவர்களுக்காக, லண்டனில் ஓர் இசைநாடக நிறுவனமும் மருத்துவர்களும் சேர்ந்து ஆறு வாரப் பாட்டுப் பயிற்சி நடத்தினார்கள். 150 பேரிடம் சோதித்து, 2022-ல் வெளியான முடிவில், அவர்களுடைய மனநலம் மேம்பட்டது தெரிந்தது. மூச்சு வாங்கும் தொந்தரவும் ஓரளவு தணிந்திருந்தது. அங்கே பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட பாட்டு என்ன தெரியுமா? தாலாட்டு!

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பாட்டு மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் இல்லை. 'பாட ஆரம்பிச்சுட்டேன்' என்று பிரஷர் மாத்திரையையோ இன்ஹேலரையோ தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

நடத்துபவர் யார்?

சரி, தெருவில் நாலைந்து பேர் சேர்ந்தாயிற்று. யாராவது ஒருவர் முன்னால் இருந்து நடத்த வேண்டும். 'நல்லாப் பாடுறவங்க நடத்தட்டும்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. நன்றாகப் பாடுபவர் தன் குரலில் லயித்து ராகத்தை இழுத்துக்கொண்டு போனால், மற்றவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டு ரசிகர்களாகிவிடுவார்கள். கூட்டுப் பாட்டு கச்சேரியாகிவிடும்!

நடத்துபவருக்கு வேண்டியது நல்ல காது, நிறையப் பொறுமை. தன் குரல் தெரிவது அவர் வேலை இல்லை. கூச்சப்பட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் குரலை வெளியே கொண்டுவருவதுதான் அவர் வேலை. சில எளிய யோசனைகள்:

* பாயை அரைவட்டமாகப் போடுங்கள். நடத்துபவர் முகம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அடுத்தவர் குரல் காதில் விழுகிற நெருக்கம் இருக்க வேண்டும்.

* எடுத்த எடுப்பில் பாட்டு வேண்டாம். ஐந்து நிமிடம் உடம்பைத் தயார் செய்யுங்கள். தோளைத் தளர்த்தி, சத்தமாக ஒரு பெருமூச்சு. குழந்தைகள் பஸ் ஓட்டி விளையாடும்போது உதட்டால் 'ப்ர்ர்ர்' என்பார்களே, அந்தச் சத்தம் கொஞ்சம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று சுருதியோடு கொஞ்சம். தொண்டை இளகிவிடும்.

* சுருதிப் பெட்டி இல்லையென்றால் செல்போனிலேயே சுருதி வைத்துக்கொள்ளலாம். ஆண்கள் பொதுவாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. இருவரும் கலந்த குழுவில் யாருக்காவது மேலேயோ கீழேயோ இடிக்கும். எனவே மேல் ஸ்தாயி அதிகம் போகாத பாட்டாக எடுங்கள். பாட்டில் உச்சத்துக்குப் போகும் வரியை முதலில் பாடிப் பாருங்கள். யாருக்காவது தாடை மேலே தூக்குகிறதா, கழுத்து நரம்பு புடைக்கிறதா? யோசிக்காமல் அரைக் கட்டை இறக்குங்கள்.

* மெட்டுக்கு முன்னால் வார்த்தை. எல்லோரும் சேர்ந்து ஒருதரம் வசனமாக வாசியுங்கள். பழைய பாட்டு என்றால் எங்கே பிரிப்பது, என்ன அர்த்தம் என்று சொல்லிவிடுங்கள். அர்த்தம் புரிந்தால் குரல் தானாகவே தைரியமாக வரும்.

* மூச்சு வாங்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரி நீளமாக இருந்தால், பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் வெவ்வேறு இடத்தில் மூச்சு வாங்கட்டும். பாட்டு அறுபடாது, வயதானவர்களுக்கும் திணறாது.

* நீங்கள் ஒரு வரி பாடி, மற்றவர்கள் திருப்பிப் பாடும்போது நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். அது ஓய்வு இல்லை. எங்கே இழுக்கிறது, யார் தயங்குகிறார் என்று கேட்கிற நேரம்.

* ஜால்ரா ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். ஆளுக்கு ஒன்று கொடுத்தால், பாட்டு முடிவதற்குள் எக்ஸ்பிரஸ் வண்டி ஆகிவிடும்.

சுருதி சேராதவரை என்ன செய்வது?

எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். ஆர்வம் கடலளவு, சுருதி மட்டும் வேறு ஊரில். "மாமி, நீங்க கொஞ்சம் மெதுவா..." என்று எல்லோர் முன்னாலும் ஒருதரம் சொல்லிவிட்டால் போதும், அடுத்த வாரம் மாமிக்கு முழங்கால் வலி வந்துவிடும். பிறகு வரவே மாட்டார். சின்ன வயதில் டீச்சரோ வீட்டில் ஒரு பெரியவரோ 'நீ வாயசைச்சாப் போதும்' என்று சொன்ன ஒரு வார்த்தையால் வாழ்நாள் முழுக்கப் பாடாமலே இருந்துவிட்டவர்கள் நிறைய.

உண்மை என்ன? சுரபேதத்தைக் காதால் பிரித்தறியவே முடியாத பிறவிக் குறை நூற்றுக்கு ஒருவர், இருவருக்குத்தான் இருக்கிறது. கனடாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2017-ல் சொன்ன கணக்கு இது. மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் காது சரியாகவே இருக்கிறது. பழக்கம்தான் போதாது. அப்படிப்பட்டவரை நன்றாகப் பாடும் இருவருக்கு நடுவில் உட்கார வையுங்கள். 'பக்கத்தில் இருப்பவர் குரல் உங்கள் குரலைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கேட்கிற மாதிரி பாடுங்கள்' என்பதை அவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் பொதுவான விதியாகச் சொல்லுங்கள். சில வாரங்களில் மாற்றம் தெரியும்.

கேட்கவும் தெரிய வேண்டும்

நல்ல குழுப் பாட்டைக் கேட்டுப் பழகினால்தான் சேர்ந்து பாடுவதன் ருசி தெரியும். தை மாதம் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையன்று பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பெரிய வித்வான்களும் சாதாரண ரசிகர்களும் ஒன்றாக உட்கார்ந்து பாடுவது 1940-களிலிருந்து நடந்துவருகிறது. எல்லோரும் ஒரே மெட்டு, ஒரே தாளம். திருவண்ணாமலைக்காரரான அருணகிரிநாதரின் திருப்புகழுக்கு, டெல்லியில் இருந்துகொண்டு நூற்றுக்கணக்கில் மெட்டமைத்துச் சாதாரணக் குடும்பத்தினரைச் சேர்ந்து பாட வைத்தவர் ஏ.எஸ்.ராகவன். இந்த இரண்டிலும் எல்லோரும் ஒரே சுரத்தில் கலப்பதுதான் அழகு.

இன்னொரு வகை, பல அடுக்காகப் பாடுவது. சர்ச்சுகளில் பாடகர் குழு பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். பெண்களில் மேல் குரல், கீழ் குரல். ஆண்களில் மேல் குரல், கீழ் குரல் என்று நாலு பிரிவு. ஒரே வார்த்தையை நாலு பேரும் நாலு சுரத்தில் பாடுவார்கள், ஆனால் சண்டை இருக்காது! சென்னையில் 1893-ல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இந்த மரபில் வந்தது. இதே முறையை நம் மொழிப் பாடல்களுக்கும் நம் மெட்டுகளுக்கும் கொண்டுவந்தவர் எம்.பி.சீனிவாசன். மலையாளப் படங்களுக்கு இசையமைத்த அவர், 1970-களின் தொடக்கத்தில் 'மெட்ராஸ் யூத் கொயர்' என்ற சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். பாரதி பாட்டை இளைஞர்கள் கூட்டமாக நின்று அடுக்கடுக்காகப் பாட வைத்தார். 1988-ல் காலமானார். மாணிக்கவாசகரின் திருவாசகமும் இந்த வடிவத்துக்கு வந்திருக்கிறது. 2005-ல் இளையராஜா அதைப் புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக் குழுவோடும் சேர்ந்திசையோடும் இசைத்தட்டாகக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட பாட்டை எப்படிக் கேட்பது? முதல் தடவை வார்த்தையை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை, எல்லோருக்கும் கீழே ஓடும் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். மூன்றாம் தடவை, வரி முடியும் இடங்களைக் கவனியுங்கள். 'ல்', 'ம்', 'ன்' என்று முடியும் எழுத்தை ஐம்பது பேரும் ஒரே நொடியில் மூடினால், அது நல்ல குழு. நாலு பேர் முன்னே, நாலு பேர் பின்னே என்று சிதறினால் ஒத்திகை போதவில்லை என்று அர்த்தம். இப்படி ஒரு மாதம் கேட்டுப் பாருங்கள். உங்கள் குழுவில் பாடும்போது காது தானாகவே திறந்துகொள்ளும்.

இதையெல்லாம் கவனியுங்கள்

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் அந்த வாரம் லீவு. இதில் தாட்சண்யமே கூடாது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாட்டுக் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்குக் கொரோனா தொற்றியது அல்லது தொற்றியதாகக் கருதப்பட்டது. இருவர் இறந்துபோனார்கள். உரக்கப் பாடும்போது மூச்சோடு நுண்துளிகள் அதிகமாக வெளியே வருகின்றன. அதனால் மூடிய அறையும் ஏ.சி.யும் வேண்டாம். மொட்டை மாடி, திண்ணை, கோயில் மண்டபம் என்று காற்றோட்டமான இடமே நல்லது.

அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். தொண்டையைச் செருமிச் செருமிச் சரிசெய்யாதீர்கள்; குரல் நாண்கள் உரசிப் புண்ணாகும். குரல் கம்மியிருக்கும்போது கிசுகிசுப்பதும் கெடுதல்தான். பேசாமல் இருப்பதே மேல். பாலில் மிளகு, மஞ்சள் போட்டுக் குடிப்பது இதமாக இருக்கும். ஆனால் குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், கை வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். புகைபிடிப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஹெர்னியா ஆபரேஷன், கண் ஆபரேஷன், நெஞ்சு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், எப்போது உரக்கப் பாடலாம் என்று டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

கிரிவலம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நடக்கும்போது பாட முடிகிறதா? உங்கள் நடை இதயத்துக்கு லேசான வேலை. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லையா? நடுத்தரமான உடற்பயிற்சி. நாலு வார்த்தை பேசுவதற்குள்ளேயே மூச்சு வாங்குகிறதா? வேகம் அதிகம், குறையுங்கள். உலகம் முழுக்க டாக்டர்கள் சொல்லித்தரும் எளிய சோதனை இது. இதய நோயாளிகளும் ஆஸ்துமாக்காரர்களும் 14 கிலோமீட்டரையும் பாடிக்கொண்டே நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உட்காரும் இடங்களில் பாடினால் போதும்.

ஆரம்பிக்க என்ன வேண்டும்?

நாலு பேர். ஒரு பாய். வாரத்தில் ஒரு மணி நேரம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டு. அது திருவெம்பாவையாகவும் இருக்கலாம், கிறிஸ்தவக் கீர்த்தனையாகவும் இருக்கலாம், பாரதி பாட்டாகவும் இருக்கலாம், பாட்டி சொல்லிக்கொடுத்த கும்மியாகவும் இருக்கலாம்.

2015-ல் வெளியான இன்னொரு ஆய்வில், புதிதாகப் பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்களையும், கைவேலை, எழுத்து வகுப்புகளில் சேர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஏழு மாதத்தில் எல்லா வகுப்பினருமே நண்பர்களாகிவிட்டார்கள். ஆனால் பாடியவர்கள்தான் சீக்கிரம் நெருங்கினார்கள். பிள்ளைகள் வெளியூர் போய், துணையும் போய், டி.வி. சத்தத்தையே பேச்சுத் துணையாக வைத்துக்கொண்டு இருக்கும் பெரியவர் உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். 'பாட வாங்க' என்றால் 'எனக்கெதுக்கும்மா' என்பார். ஒரு தடவை சொன்னால் வரமாட்டார். திருவெம்பாவைப் பெண்கள் மாதிரி வாசலில் நின்று, கேலி பேசி, விடாமல் கூப்பிட வேண்டும்.

என்ன, இந்த வாரம் யார் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறீர்கள்?